இருமல் காணவில்லை

“என்ன திருடு போச்சு, டாக்டர்?”

“ஒரு இருமல்,” என்றார் பல் டாக்டர்.

சித்தி கையிலிருந்த டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஊசிக்கு வாய் நமநமவென்றது.

“வறட்டு இருமலா, சளி இருமலா?” என்று கேட்டான்.

“வறட்டு இருமல்.” டாக்டர் மிகுந்த பொறுப்போடு பதில் சொன்னார். “ஆம்பிளை. அறுபதைத் தாண்டினவர். மூணாவது வரிசை, இடது பக்கம், ஓரத்து சீட்.”

“சட்டை என்ன கலர்?”

“ஊசி,” என்றாள் சித்தி. அவன் அடங்கினான்.

சித்தி பல காலம் இன்சூரன்ஸ் கம்பெனியில் துப்பறிந்தவள். சொந்தக் கடைக்குத் தானே தீ வைத்தவர்கள், காணாமல் போன நகையைக் கழுத்திலேயே போட்டுக்கொண்டு வந்து அழுதவர்கள் என்று எல்லா ரகத்தையும் பார்த்தவள். வேலையை விட்டபின் தனியாக ஒரு துப்பறியும் அலுவலகம் திறந்தாள். அக்கா மகன் உதவிக்கு வந்து சேர்ந்தான். அவன் ‘சித்தி, சித்தி’ என்று கூப்பிட்டதில் ஊருக்கே அவள் சித்தி ஆகிப்போனாள். குத்திக் குத்திப் பேசியதால் அவன் ஊசி ஆனான். அவனுக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டியது அவனைப் பெற்ற தாய்.

டாக்டரின் இசையறையில் சுவரே தெரியவில்லை. தரையிலிருந்து கூரை வரை பெட்டிகள். நீலம், கறுப்பு, தங்க விளிம்பு, தோல் அட்டை. ஒவ்வொன்றுக்குள்ளும் கட்டுக் கட்டாக இசைத்தட்டுகள்.

“இத்தனை பெட்டியிலயும் வேற வேற பாட்டா டாக்டர்?”

“இல்ல. எல்லாத்துலயும் ஒரே இசையமைப்பாளர். அதே சிம்பொனிகள்.”

“அப்போ ஒரு பெட்டி போதுமே?”

பல்லே தேய்ப்பதில்லை என்று சொல்லும் நோயாளியைப் பார்ப்பதுபோல டாக்டர் அவனைப் பார்த்தார்.

“தம்பி, அந்த நீலப் பெட்டியில வயலின் எல்லாம் பொய்ப்பல் மாதிரி. வரிசையா இருக்கும், உயிர் இருக்காது. கறுப்புப் பெட்டியில ஈறு வீங்கின மாதிரி ஒரு பேஸ் ஒலி. தங்க விளிம்புல எல்லாம் இருக்கு, ஆனா எனாமல் போயிடுச்சு.” பேசிக்கொண்டே அவர் மேசைமேல் தனியாக, துணி விரித்து வைத்திருந்த சாம்பல் நிறப் பெட்டியைத் தொட்டார். குரல் தாழ்ந்தது. “இதுதான் அது. நேரடி நிகழ்ச்சியில பதிவு பண்ணினது. மெதுவான மூணாவது பகுதியில புல்லாங்குழல் தேஞ்சு தேஞ்சு மறையும். மண்டபமே மூச்சுவிடாம இருக்கும். அப்போ ஒருத்தர் இருமுவார்.”

“அது நல்லதா?”

“நல்லதாவா? அந்த இருமலுக்குப் பின்னாடி மண்டபத்தோட காத்து கேக்கும்யா! அந்த மனுஷனோட கோட்டு கசங்கறது கேக்கும்! நான் இதைப் பத்தி சேகரிப்பாளர் பத்திரிகையில தொடரே எழுதியிருக்கேன். இருமலைச் சரியாக் காட்டாத ஸ்பீக்கரை வாங்காதேன்னு எழுதினேன். கேட்டு எத்தனை பேர் ஸ்பீக்கரை மாத்தினாங்க தெரியுமா?”

அந்த இருமல்தான் சில ஞாயிற்றுக்கிழமைகளாகக் காணவில்லை. டாக்டர் இந்தத் தட்டைப் போடுவதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில்தான். தட்டு அதே தட்டு, கருவி அதே கருவி. புல்லாங்குழல் தேய்கிறது, மறைகிறது, அவ்வளவுதான். இருமல் வரவேண்டிய இடத்தில் வெறும் நிசப்தம்.

“யார் மேலயாவது சந்தேகம்?”

“நீதிபதி.” டாக்டர் அந்தச் சொல்லைக் கடித்துத் துப்பினார். “அடுத்த தெருதான். ரிட்டயர் ஆனவன். மழைக்காலத்துல இந்தப் பெட்டியை இரவல் வாங்கிட்டுப் போய் நோட்டம் விட்டான். அப்புறம் கழகத்துக்கு வந்த சாக்குல என் தட்டை எடுத்துக்கிட்டு, இருமலைச் சுத்தம் பண்ணி வெளியிட்ட புதுப் பதிப்புத் தட்டை உள்ள வச்சிட்டான். இன்னிக்குச் சாயங்காலம் எங்க கேட்போர் கழகம் இங்க கூடுது. எல்லார் முன்னாடியும் அவன் முகமூடியைக் கிழிச்சுட்டு நேரா போலீஸ் ஸ்டேஷன் போறேன்.”

“அவர் உங்களுக்கு எவ்வளவு பழக்கம்?”

டாக்டர் பெட்டியின் அடியில் கிடந்த துணியை இழுத்துச் சரிசெய்தார். “என் பொண்ணு பொறந்தப்போ ஆஸ்பத்திரி வராந்தாவுல ராத்திரி பூரா என்கூட நின்னவன்,” என்றார் பிறகு. “இப்போ இருமல் திருடன்.”

சித்தி சாம்பல் பெட்டியைத் திறந்து தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி மெல்லிய வட்டச் சுழிகள்.

“இது என்ன?”

“பல்லுக்குப் போடற பாலிஷ். நானே மெருகேத்தினேன். உலகத்துலேயே யாரும் செய்ய மாட்டாங்க.”

“அப்போ இது உங்க தட்டுதானே? மாத்தலையே?”

டாக்டர் திகைத்தார். தட்டை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

“அயோக்கியன்! இருமலை மட்டும் உருவி எடுத்திருக்கான்!”

ஊசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின.

அப்போது டாக்டரம்மா காலிக் கோப்பைகளை எடுத்துப்போக வந்தாள். அறுபது வயது. நல்ல உயரம். உறுதியான மணிக்கட்டுகள். இந்த வீட்டில் நடக்கும் எதற்கும் ஆச்சரியப்பட்டுப் பயனில்லை என்று என்றைக்கோ முடிவுசெய்துவிட்ட முகம்.

“இன்னொரு டீ வேணுமா?” என்று சித்தியைக் கேட்டாள்.

“வேண்டாம்க்கா. நீங்களும் உட்காந்து கேளுங்களேன்.”

“நான் கேக்காததா?” என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

டாக்டர் நிரூபித்துக் காட்டுவதாகச் சொல்லித் தட்டைச் சுழலவிட்டார். முதல் பகுதி இடியாக வெடித்தது. டாக்டர் துள்ளி எழுந்தார். குழந்தைகளுக்குப் பல் தேய்க்கச் சொல்லிக்கொடுக்கும் முழ நீள மாதிரி பிரஷ் ஒன்று அலமாரியில் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவைப் பார்த்து நின்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு இசைக்குழுவை நடத்த ஆரம்பித்தார். கதவுக்கு அந்தப் பக்கம் நடைவழி. சத்தமான இரண்டு பகுதிகள் முடியும்வரை அவர் உட்காரவேயில்லை.

மெதுவான பகுதி வந்ததும் நாற்காலியில் சரிந்தார். கண்களை மூடினார். புல்லாங்குழல் தேய்ந்தது, மறைந்தது.

நிசப்தம்.

“பாத்தீங்களா?” என்றார் டாக்டர். மூடிய இமையோரம் ஈரம். “சுத்தமாத் துடைச்சு எடுத்துட்டான்.”

சித்திக்கு இசையில் தெரிந்தது அலாரம் ஒன்றுதான். ஆனால் ஒரு மனிதன் நிஜமாக அழுவதற்கும் அழுவதுபோல் நடிப்பதற்கும் வித்தியாசம் தெரியும். இவர் நிஜமாக அழுதார்.

“சாயங்காலத்துக்குள்ள வரேன். அதுவரைக்கும் யாரையும் எதுவும் சொல்லாதீங்க.”

*

நீதிபதியின் வரவேற்பறையிலும் சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. ஒன்றல்ல. நாலு.

“ஒரே பெட்டியை நாலு தடவை வாங்கியிருக்கீங்களே?” என்றான் ஊசி. “மூணு மேல்முறையீடா?”

நீதிபதி சிரிக்கவில்லை. வழுக்கைத் தலை, அடர்ந்த புருவம், இடது காதில் புத்தம்புதிய காது கேட்கும் கருவி. அதை மறைக்க ஒரு கம்பளித் தொப்பியை இழுத்து விட்டிருந்தார். அறையில் மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

“திருட்டுப் பட்டமா? எனக்கா? எதுக்கு நான் திருடணும்? என் பெட்டியிலயும் அந்த இருமல் இருக்கு. தாராளமா இருக்கு. கொஞ்சம் அடக்கமான இருமல். எனக்கு அதுதான் பிடிக்கும். டாக்டரோடது ஆர்ப்பாட்டமான இருமல்.”

“கேக்கலாமா?” என்றாள் சித்தி.

அவர் தயங்கினார். பிறகு தட்டைப் போட்டார். மின்விசிறியை நிறுத்தினார். மெதுவான பகுதி தொடங்கியது. மூவரும் காத்திருந்தார்கள். புல்லாங்குழல் இறங்கி வர ஆரம்பித்ததும் நீதிபதி விரலை உயர்த்தினார்.

“ஆங்! கேட்டுச்சா?”

“என்னங்க?”

“இருமல்! எவ்வளவு நாசூக்கா!”

“ஐயா,” என்றாள் சித்தி மெதுவாக, “டாக்டர் சொன்ன இடம் இன்னும் வரலை. குழல் சுத்தமா மறையணும்.”

உயர்த்திய விரல் அப்படியே நின்றது. குழல் மறைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பகுதி தொடங்கியது. நீதிபதி எழுந்துபோய்த் தட்டை நிறுத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“இங்க நான் கேட்டதே இல்லம்மா,” என்றார். “ஒரு தடவைகூட இல்ல. கழகத்துல எல்லாரும் கேட்டேன் கேட்டேன்னு சொல்றாங்க. விமானி கேட்டிருக்கார். மருந்துக்கடைக்காரர் ரெண்டு இருமல் கேட்டிருக்கார். நான் மட்டும் எப்படி இல்லைன்னு சொல்றது? ஸ்பீக்கரை மாத்தினேன். நாலு பெட்டி வாங்கினேன். கடைசியில டாக்டர் பெட்டியையே இரவல் வாங்கிட்டு வந்து இங்க போட்டுப் பாத்தேன். அதுலயும் இல்ல. சரி, காதுதான் போச்சுன்னு ஒரு காது டாக்டர்கிட்ட போய் இதை மாட்டிக்கிட்டேன். இப்போ எதிர்வீட்டு ஃபிரிட்ஜ் ஓடறது கேக்குது. அந்த வீட்டு மாடியில என் மூஞ்சியைப் பத்திப் பேசறது கேக்குது. அதுக்குத்தான் ஃபேனைப் போட்டு வச்சிருக்கேன். இந்தப் பாழாப்போன இருமல் மட்டும் கேக்கல.”

ஊசிக்குக் கேலி ஒன்று தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டான்.

சித்தி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். “டாக்டர் பெட்டியை மழைக்காலத்துல இங்க போட்டீங்க. இருமல் இல்ல. திருப்பிக் கொடுத்த பிறகு டாக்டர் வீட்டுல அதே தட்டைக் கேட்டீங்களா?”

“கேட்டேனே. கழகத்தோட. அங்க இருந்துச்சு. கணீர்னு.”

“அதே தட்டுல?”

“அதே தட்டுல.”

“அப்போ கேட்டதே இல்லைன்னு சொன்னீங்க?”

“இங்க கேட்டதே இல்லைன்னேன். அவன் வீட்டுல கேக்கும். அவன் வீட்டுல மட்டும்தான் கேக்கும். அதுதான்மா என் வயித்தெரிச்சலே!”

சித்தி எழுந்துவிட்டாள். வாசலைத் தாண்டி, தெருவில் பத்தடி நடந்தபின்தான் வாயைத் திறந்தாள்.

“ஊசி, தட்டு மாறல. ஆள் திருடல. தட்டு ஊர் சுத்துது, இருமல் வீட்டை விட்டு நகரவே இல்ல. அப்படின்னா என்ன அர்த்தம்?”

“இருமல் தட்டுலயே இல்லைன்னு அர்த்தம்.” சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. நடுத்தெருவில் நின்றுவிட்டான். “சித்தி! டாக்டர் தொடர் எழுதினது...”

“நட. சாயங்காலம் ஆகுது.”

*

டாக்டர் இசையறையில் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். டாக்டரம்மா வீட்டில் இல்லை. “எங்கேயாவது இருப்பா,” என்றார் அவர், ஒரு நாற்காலியை விரலளவு இடப்பக்கம் தள்ளியபடி.

சித்தி நடைவழிக்கு வந்தாள். இடது ஸ்பீக்கர் நிற்கும் சுவருக்கு நேர் பின்னால் நின்றாள். அங்கிருந்து நாலெட்டில் பின்கதவு. கதவில் பெரிய பழைய இரும்புத் தாழ்ப்பாள்.

“மூணாவது வரிசை, இடது ஓரத்து சீட்,” என்றாள். “இந்தா, இங்கதான்.”

அவள் சமையலறைத் தாழ்ப்பாளை இழுத்தாள். கிறீச்சென்ற சத்தத்தில் பல் கூசியது. சாமான் அறைத் தாழ்ப்பாள் அதைவிட மோசமாக அலறியது. பின்கதவுத் தாழ்ப்பாளை இழுத்தாள். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஓசையில்லாமல் நகர்ந்தது. விரலில் எண்ணெய் ஒட்டியது.

“வீட்டுல இது ஒண்ணுக்கு மட்டும் எண்ணெய் போட்டிருக்காங்க. அதுவும் சமீபத்துல. புரியுதா?”

“யாரோ வெளிய போறப்போ சத்தம் கேக்கக்கூடாதுன்னு போட்டிருக்காங்க.”

“எண்ணெய் போடறதுக்கு முன்னாடி?”

“கிறீச்னு கேட்டிருக்கும்.” ஊசியின் கண்கள் விரிந்தன. “கேக்காம இருக்க... இருமியிருக்காங்க! ஆனா சித்தி, எதுக்கு அந்த அமைதியான இடத்துல? டமால் டமால்னு அடிக்கறப்போ திறந்தா இருமவே வேண்டாமே?”

“டமால் டமால்னு அடிக்கறப்போ அந்த மனுஷன் பிரஷ்ஷும் கையுமா கண்ணாடிக் கதவைப் பாத்துக்கிட்டு நிக்கறாரே. நடைவழியில போனா தெரியாதா? கண்ணை மூடறது மெதுவான பகுதியில மட்டும்தான். கண்ணை மூடினா போகலாம், ஆனா தாழ்ப்பாள் கத்தும். தாழ்ப்பாள் கத்தினா இருமணும். இப்போ எண்ணெய் போட்டாச்சு, இருமல் வேலையை விட்டு நின்னுடுச்சு.”

“டாக்டரம்மா!” என்றான் ஊசி. “எங்க போறாங்க, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை?”

சமையலறையில் ஒரு நாற்காலியின் மெத்தை மட்டும் நைந்து கிடந்தது. அதில் அக்கம்பக்கமாக இரண்டு ஆழமான குழிகள். மேலே ஆணியில் இரண்டு மரக் கரண்டிகள். நுனியில் டாக்டரின் சாக்ஸ் உருண்டையாகச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

ஊசி குழியைத் தொட்டுப் பார்த்தான். “இது டாக்டர் உட்கார்ற நாற்காலியா இருந்தா, அந்தம்மா மனசுல இருக்கறது புரியுது.”

சித்தி பதில் சொல்லாமல் பின்கதவைத் திறந்தாள். குறுகலான சந்து. சந்தின் முடிவில் ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடம். அந்தப் பக்கத்திலிருந்து, தூரத்து மேகம் உருள்வதுபோல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

*

கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நகரத்தின் தொழில்முறையல்லாத இசைக்குழு உட்கார்ந்திருந்தது. பஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் நடத்திக்கொண்டிருந்தார். டிக்கெட் இல்லாதவனைப் பிடித்தாற்போல ஒவ்வொரு வயலினையும் முறைத்தார். கடைசி வரிசையில் இரண்டு செம்புக் கொப்பரைகள் போன்ற பெரிய டிம்பனி முரசுகள். அவற்றுக்கு நடுவில், இரு கையிலும் கோலோடு, டாக்டரம்மா.

அவள் அடித்தபோது தரை அதிர்ந்தது. காலையில் பார்த்தது வேறு யாரையோ என்று ஊசிக்குத் தோன்றியது.

வாசித்துக்கொண்டிருந்தது அதே சிம்பொனி. வயலின்கள் ஆளுக்கொரு திசையில் போயின. கூடத்தின் எதிரொலி எல்லாவற்றையும் ஒரு குண்டானில் போட்டுக் கலக்கியது.

இடைவேளையில் டாக்டரம்மா அவர்களைப் பார்த்துவிட்டாள். ஓடவில்லை. கோல்களை முரசின் மேல் வைத்துவிட்டு நேராக வந்தாள்.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“தாழ்ப்பாள்.”

“அட கடவுளே.” அவள் நெற்றியில் தட்டிக்கொண்டாள். “இத்தனை நாளும் இங்க சிங்கி, முக்கோணக் கம்பின்னு சின்னதுதான் வாசிச்சேன். முரசு வாசிச்சவர் கையை உடைச்சுக்கிட்டார், எனக்குக் கொடுத்தாங்க. இதுல காலால மிதிக்கற பெடலுக்கு எண்ணெய் போடணும்னு டப்பாவைப் பையில வச்சிருந்தேன். போற வழியில தாழ்ப்பாளுக்கும் ரெண்டு சொட்டு விட்டேன். தொண்டை வலி மிச்சமாச்சேன்னு பாத்தா...”

“எதுக்குக்கா மறைக்கணும்? இதே பாட்டுக்குத்தானே அவர் உயிரை விடறார்?”

“அதனாலதான்.” அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். “சூப் வச்சா போன வாரத்து சூப் இன்னும் தெளிவா இருந்துச்சும்பார். நான் சிரிச்சா, கல்யாணமான புதுசுல சிரிச்ச சிரிப்புல ஆழம் அதிகம்பார். எம்பொண்ணு போன்ல பேசினா லைன் எப்படின்னுதான் முதல்ல கேப்பார். மனுஷன் கெட்டவர் இல்ல. ஆனா அவர் கையில எது கிடைச்சாலும் இன்னொண்ணைப் பக்கத்துல வச்சுத்தான் பாப்பார். எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும்னு தோணுச்சு. பக்கத்துல எதையும் வைக்காத ஒண்ணு. நான் இங்க மோசமா வாசிச்சாலும் அது என்னோடது.”

சித்தியும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நான் சொல்ல மாட்டேன்,” என்றாள் சித்தி. “இது திருட்டு இல்ல. உங்க விஷயம். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல அவர் நீதிபதியைத் திருடன்னு சொல்லி, போலீஸுக்குப் போகப் போறார்.”

“எதைத் திருடினார்னு?”

“உங்க இருமலை.”

டாக்டரம்மா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “அந்த ஆஸ்பத்திரி வராந்தா...” என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாள். பஸ் இன்ஸ்பெக்டர் கைதட்டி அழைத்தார். அவள் எழுந்து முரசுகளுக்கு நடுவே போய் நின்றாள். அதற்குப் பிறகு அவர்கள் பக்கம் பார்க்கவில்லை.

*

கேட்போர் கழகம் முழு அளவில் கூடியிருந்தது. மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற விமானி, இன்னும் நாலைந்து பேர். நீதிபதி கம்பளித் தொப்பியோடு கடைசி நாற்காலியில் இருந்தார். டாக்டர் முழ நீள பிரஷ்ஷை உயர்த்தி அவரை நோக்கி நீட்டினார்.

“நண்பர்களே! இந்தப் பெட்டியில இருமல் இருந்துச்சா இல்லையா?”

“இருந்தது!” என்றார் விமானி. “என் பெட்டியிலயும் இருக்கு. கொஞ்சம் மூக்கால இருமுவார்.”

“என்னோடதுல ரெண்டு தடவை,” என்றார் மருந்துக்கடைக்காரர். “ரெண்டாவதுல நிவாரணம் தெரியும்.”

“இப்போ என்னோடதுல இல்ல! யார் கை பட்டுச்சு இதுல?” டாக்டர் பிரஷ்ஷைச் சித்தி பக்கம் திருப்பினார். “துப்பறிஞ்சவங்களே சொல்லட்டும்!”

சித்தி எழுந்தாள். “டாக்டர், நீதிபதி எதையும் எடுக்கல. எதுவும் திருடு போகல. இதுக்கு மேல சொல்ற உரிமை எனக்கு இல்ல.”

“இது என்ன பதில்? நான் உங்களை எதுக்குக் கூப்பிட்டேன்? எதுவும் திருடு போகலைன்னா என் இருமல் எங்கே?”

நடைவழியில் யாரோ இருமினார்கள்.

வறட்டு இருமல். ஒரே ஒரு தடவை. கணீரென்று.

“அதோ!” என்று கத்தினார் மருந்துக்கடைக்காரர். “அதேதான்! என்ன துல்லியம்!”

டாக்டர் பரவசமாக இடது ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கருவியைப் பார்த்தார். அதில் விளக்கே எரியவில்லை. தட்டு இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

கண்ணாடிக் கதவு திறந்தது. டாக்டரம்மா உள்ளே வந்தாள். கையில் முரசுக் கோல்கள்.

“நான்தாங்க இருமினேன்,” என்றாள். “இன்னிக்கு மட்டும் இல்ல. நம்ம பொண்ணு கல்யாணமாகிப் போனதுலேர்ந்து.”

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தாழ்ப்பாளை, கூடத்தை, முரசை. விமானி தன் காலணியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் தன் இரண்டாவது இருமலை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியாமல் கைக்குட்டையைத் தேடினார். நீதிபதி மட்டும் முகம் மலர்ந்து, தொப்பியோடு சேர்த்துக் காதுக் கருவியையும் பிடுங்கிப் பையில் போட்டார்.

டாக்டர் மெல்ல உட்கார்ந்தார்.

“ஆம்பிளைன்னு எழுதிட்டேனே,” என்றார்.

“படிச்சேன். அறுபதைத் தாண்டினவர்னும் எழுதியிருந்தீங்க. அப்போ எனக்கு வயசு அம்பத்தி மூணு.”

“கோட்டு கசங்கற சத்தம்?”

“என் மழைக்கோட்டு.”

டாக்டர் கையிலிருந்த தட்டை உறையில் போட்டார். பிறகு எழுந்து கடைசி நாற்காலிக்குப் போனார். நீதிபதியின் முன்னால் நின்றார். பிரஷ்ஷை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் அதை அவரிடமே நீட்டினார்.

“யோவ்,” என்றார். “அடிச்சுடு.”

“என்ன?” என்றார் நீதிபதி. “சத்தமாச் சொல்லு. கருவியைக் கழட்டிட்டேன்.”

பிறகு இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எதற்கு என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

டாக்டர் மனைவியிடம் திரும்பினார். “அந்தக் கூடத்துல ஒலி எப்படி?”

“படுமோசம்.”

“நான் வரலாமா?”

அவள் கோல்களை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

“வரலாம். ஆனா எதையாவது பக்கத்துல வச்சு ஒரு வார்த்தை பேசினீங்கன்னா, அன்னியோட சரி. தாழ்ப்பாளை வெளிப்பக்கம் போட்டுட்டுப் போயிடுவேன்.”

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். வீட்டில் அத்தனை பெட்டி வைத்திருந்த மனிதர், வாழ்க்கையில் முதல்தடவையாக ஓர் இசைக்குழுவின் எதிரில் உட்கார்ந்தார். பக்கத்தில் நீதிபதி. அவர்களுக்குப் பின்னால் சித்தியும் ஊசியும். வழக்கு முடிந்துவிட்டது, வர வேண்டிய அவசியமில்லை. ஊசிதான் போகலாம் என்று அடம்பிடித்தான்.

வயலின்கள் வழிதவறின. கொம்பு வாசித்தவர் நடுவில் தும்மினார். டாக்டரின் வாய் இரண்டு தடவை திறந்து இரண்டு தடவையும் மூடியது. மூன்றாவது தடவை நீதிபதி அவர் முழங்காலில் கிள்ளினார்.

கடைசிப் பகுதி வந்தது. டாக்டரம்மா இரு கைகளையும் உயர்த்தினாள். அந்தக் கடைசி அடி பெஞ்சின் பலகை வழியாக டாக்டரின் முதுகில் ஏறி, தாடை எலும்பில் போய் நின்றது. அவள் உள்ளங்கைகளை முரசின் தோல்மேல் வைத்து அழுத்தினாள். சத்தம் அறுந்தது.

நாற்காலிகள் உரசின. எல்லோரும் பெட்டிகளில் வாத்தியங்களை வைத்துப் பூட்ட ஆரம்பித்தார்கள். டாக்டர் அசையவில்லை.

“அந்தக் கடைசி அடியை இன்னொரு தடவை கேக்கணும்,” என்றார்.

“கேக்க முடியாது,” என்றார் நீதிபதி.

“ஒரே ஒரு தடவை.”

“யோவ், அடிச்சாச்சுய்யா. முடிஞ்சு போச்சு.”

டாக்டர் அவரைப் பார்த்தார், முரசுகளைப் பார்த்தார். அவர் கை தன்னையறியாமல் பெஞ்சின் மேல் கருவியின் பொத்தானைத் தேடுவதுபோலத் தடவியது. பிறகு எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு, முரசுகளை நோக்கிப் போனார். ஊசி மூச்சைப் பிடித்துக்கொண்டான். டாக்டரம்மா கோல்களை உறையில் போடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். கணவர் வாய் திறப்பதைப் பார்த்தாள். அவள் முகம் இறுகியது.

“இதை எங்க பிடிச்சுத் தூக்கணும்?” என்று கேட்டார் டாக்டர்.

அவள் அவரைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, செம்பின் அடியில் இருந்த வளையத்தைக் காட்டினாள்.

“இங்க. பெடல்ல கை படக்கூடாது.”

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். கனம் எதிர்பார்த்ததைவிட அதிகம். டாக்டர் முனகினார், ஆனால் விடவில்லை. அவள் முன்பக்கம் பிடித்துப் பின்னோக்கி நடந்தாள், “படி இருக்கு, பாத்து, இன்னொரு படி இருக்கு” என்று சொல்லிக்கொண்டே.